ஒரு சாண் குட்டையான மோனோபாட்

என் மனைவிக்கு இடது மார்பை எடுத்த மூன்றாம் நாள், கட்டைப் பிரித்துப் பார்க்க வந்த டாக்டர், இனி அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்றார். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். கனம் தூக்கினால் கை வீங்கும், வீங்கினால் சீக்கிரம் வடியாது. தண்ணீர்க் குடம், காய்கறிப் பை, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "கேமரா, டாக்டர்?" என்றாள்.

"செல்போன்தானே? தாராளமா எடுங்க."

"இல்ல டாக்டர். பறவை எடுக்கிற கேமரா. லென்ஸோட சேத்து மூணு கிலோ இருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தேன்.

"அது முடியாதும்மா," என்றார்.

அந்த மாதிரி நீள லென்ஸை இடது கையால்தான் அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். வலது கைக்குப் பொத்தானை அழுத்துகிற வேலை மட்டும்தான். டாக்டர் போன பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்பை எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றுகூட அவள் அப்படித் திரும்பிப் படுக்கவில்லை.

எனக்குத் திருக்காட்டுப்பள்ளியில் மோட்டார்ப் பட்டறை. போர்செட் மோட்டார் புகைந்துபோனால் பிரித்து, காயில் சுற்றிக் கொடுப்பேன். அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பறவைகளின் அலகைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, புத்தகத்தில் இருக்கும் படத்தைவிட வாய்க்கால் கரையில் இருப்பதைக் காட்டலாமே என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்படி ஆரம்பித்ததுதான். அடுத்த வருஷம் ஒரு பழைய கேமரா வந்தது. அதற்கடுத்த வருஷம் யாரோ பயன்படுத்தி விற்ற அந்த லென்ஸ் வந்தது. சனி, ஞாயிறு என்றால் விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் போய்விடுவாள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. எப்போதாவது என் வேனில் கொண்டுபோய் விடுவேன். திரும்பிக் கூட்டிவரப் போனால், "அஞ்சு நிமிஷம்" என்று கையைக் காட்டுவாள். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆகும். நான் வேனிலேயே தூங்கிவிடுவேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ ஆரம்பித்தது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தோம். வீட்டில் படுத்தபடியே செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருப்பாள். நோயைப் பற்றிப் படிக்கிறாள், பயந்துவிடப்போகிறாள் என்று நினைத்து ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மோனோபாட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா என்ன?"

"ஒத்தக்கால் ஸ்டாண்டுங்க. மூணு கால் வெச்சதை வரப்புல நிறுத்த முடியாதில்ல? இது ஒரே கம்பு. மேல கேமராவ மாட்டிட்டா கனத்தை அது தாங்கிக்கும். கை சும்மா சாயாம பிடிச்சிருந்தா போதும்."

நான் பட்டறைக்காரன். கம்புதானே என்று தோன்றியது. பட்டறையில் கிடந்த போர் பைப்பில் ஒரு துண்டை வெட்டி, தலையில் தகடு வைத்து வெல்டு அடித்து, கேமரா மாட்ட ஒரு போல்ட்டும் வைத்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடிக்கப் போனவள் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்னவளுக்கு நாலு கிலோ பைப்பா? இத வெச்சு நான் பறவைய எடுக்கவா, அடிக்கவா?"

வாய்ப்புண்ணோடு அவ்வளவு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "கடையில வாங்கிக்கலாங்க. ஆனா நான்தான் பாத்து எடுப்பேன். நீங்களா எதுவும் வாங்கிட்டு வந்துடாதீங்க. பாப்பாகிட்டயும் சொல்லிடுங்க, ஆன்லைன்ல போட்டுடப் போறா."

பாப்பா என்றது எங்கள் மகளை. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, என்ன சாப்பாடு, எந்த விக் என்று அந்த ஆறேழு மாதமாக நானும் அவளும் போனில் பேசிப் பேசி முடிவு செய்துவிட்டு, பிறகுதான் இவளிடம் சொல்வோம். இவளும் சரி என்பாள். நான்தான் பாத்து எடுப்பேன் என்று அவள் சொன்னபோது, அதில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

கதிர்வீச்சும் முடிந்து, தலையில் ஒரு விரல்கடை அளவுக்கு முடி வந்திருந்தபோது, கார்த்திகையில் ஒருநாள் திருச்சிக்குப் போனோம். மாடியில் இருந்த கேமராக் கடை. நீளமான, ஒடுங்கிய இடம். கல்யாணத்துக்குப் போட்டோ, வீடியோ எடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் விக் வைக்கவில்லை, அரிக்கிறது என்று பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டியிருந்தாள். இடது கையில் வீக்கம் வராமல் இருக்கத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கமான உறை.

கடைப் பெண் ஏழெட்டு மோனோபாட்களை எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பினாள். என் மனைவி தன் கேமராவையும் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, மாட்டி, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். திருகிப் பூட்டுகிற வகை சிலது. அவற்றை இடது கையால் திருகிப் பார்த்துவிட்டு, இறுக்க வரவில்லை என்று ஒதுக்கினாள். கிளிப்பை மடக்கிப் பூட்டுகிற வகையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். அதிலும் லென்ஸின் கனத்துக்கு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியவற்றைத் தள்ளினாள். அடியில் இருந்த ரப்பர் பாதத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் களைப்பு இல்லாததை நானும் கவனித்தேன். ஆனாலும் எனக்கு அவசரமாக இருந்தது. பட்டறையில் இரண்டு மோட்டார் பிரித்தபடி கிடந்தன. நடவு வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆட்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் இரண்டு நின்றன. இரண்டுக்கும் கிளிப் பூட்டுதான். ஒன்று முழுதாக நீட்டினால் அவள் கண்மட்டத்துக்குச் சரியாக நின்றது. இன்னொன்று தலைக்கு மேலே ஒரு சாண் போனது, மடக்கினாலும் கொஞ்சம் நீளம்.

"இதுதான் மேடம் உங்க ஹைட்டுக்குக் கரெக்ட்," என்று கடைப் பெண் முதலாவதைக் காட்டினாள்.

"இங்க கரெக்டா இருக்கும்மா. நான் நிக்கிறது வரப்பு மேல. கம்பு ஊணறது வயலுக்குள்ள. அது பள்ளம், சேறு வேற. ஒரு ஸ்டூல் இருக்கா? ஏறி நின்னு பாத்துக்கிறேன்."

கடைப் பெண் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டாள். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை ஸ்டூலில் வைத்து, அலமாரியைப் பிடித்து ஏறினாள். ஏறும்போது தலைத்துணி சரிந்து பின்னால் விழுந்தது. உறை போட்ட கை மேலே போயிருந்தது. அங்கங்கே திட்டாக முளைத்திருந்த முடியோடு, ஸ்டூல் மேல் ஒரு பெண் கம்பும் கேமராவுமாக நிற்பதைக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். அது என்னவென்று எனக்குத் தெரியாது, அவளைப் பற்றியதாகவே இல்லாமலும் இருக்கலாம்.

நான் கிட்டே போய்த் தணிந்த குரலில், "இறங்கு. எல்லாரும் பாக்கிறாங்க," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இறங்கினாள். துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். நீளமானதை மடக்கி மேஜை மேல் வைத்துவிட்டு, குட்டையானதை எடுத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"இதுவே போதும்மா. பில் போட்டுடுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

கல்லணை வழியாகத் திரும்பினோம். அந்த வழியில் வந்தால் எப்போதும் அணைமேல் நிறுத்தச் சொல்லுவாள். ஷட்டர் பக்கம் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் நான் வேகத்தைக் குறைத்தேன். "போங்க, ஒங்களுக்கு வேலை கெடக்கு," என்றாள்.

அந்த வாரத்திலிருந்தே அவள் வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்பதால் நான்தான் காலையில் கொண்டுபோய் விடுவேன், ஒன்பது மணிக்குப் போய்க் கூட்டிவருவேன். சம்பாப் பயிர் பச்சையாக நின்ற காலம். என்ன பார்த்தாய் என்று கேட்டால் இரண்டு மூன்று பறவைப் பெயர் சொல்லுவாள். எனக்கு மனதில் நிற்காது. ஆனால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். மகள் போன் செய்து, "அம்மா குரலே மாறிடுச்சுப்பா," என்றாள். அந்தக் கம்பை வாங்கிக் கொடுத்ததற்காக நான் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன்.

மார்கழி கடைசியில் ஒருநாள் அவளைக் கூட்டிவரச் சீக்கிரமே போய்விட்டேன். அவள் வழக்கமாக நிற்கிற வரப்பு ஒரு பெரியவரின் குத்தகை நிலம். அவர் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். அவள் தூரத்தில் வரப்பு மேல் நின்றாள். கம்பு முன்னால் வயலுக்குள் ஊன்றியிருந்தது. அவள் இடுப்பை மடக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தாள். பெரியவர் அவளைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன டீச்சர், தெனமும் களை பறிக்கிறாப்புல குனிஞ்சே நிக்கிறீங்க! ஒங்கள வேலைக்கு வெச்சிருந்தா இந்நேரம் என் வயல்ல ஒரு களை இருக்காது!"

அவள் சிரித்தாள். நிமிரும்போது கையை முதுகில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எனக்குத் திருச்சிக் கடை ஞாபகம் வந்தது.

வேனில் ஏறியதும் கேட்டேன். "கம்பு குட்டையா இருக்கா?"

"ஒரு சாண். பழகிடுச்சு."

"மாத்திட்டு வந்துடலாமா?"

"இவ்ளோ நாள் சேத்துல ஊணுனத யாரு மாத்திக் கொடுப்பா? விடுங்க."

தையில் முதுகுவலி வந்துவிட்டது. முதலில் காலையில் மட்டும். பிறகு படுத்தாலும் வலித்தது. நான் தைலம் தேய்த்தேன். மருந்துக்கடையில் இடுப்புப் பெல்ட் வாங்கினேன். தேய்க்கும்போதெல்லாம், "குனிஞ்சு குனிஞ்சு நின்னா வராம என்ன செய்யும், ரெண்டு வாரம் போகாம இரேன்," என்பேன். "அறுப்பு முடிஞ்சா நாரையெல்லாம் வந்து எறங்கும்ங்க. இப்பப் போகாம எப்பப் போறது?" என்பாள்.

அந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போகிற முறை வந்தது. டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"முதுகுவலி இருக்கு டாக்டர். வரப்புல குனிஞ்சு நின்னு போட்டோ எடுக்கிறாங்க. அதான்."

"எவ்ளோ நாளா?" என்று அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

அதற்கும் நானே, நாளைக் குறைத்துப் பதில் சொன்னேன். "இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா."

டாக்டர் எழுந்து வந்து அவள் முதுகை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். "ஓய்வு எடுங்க. ரெண்டு வாரத்துல வலி போகலைன்னா உடனே வந்துடணும், ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்," என்றார். அப்படியே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் வலி போகவில்லை. நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அறுவடை முடிந்து வயலில் உளுந்து தெளித்திருந்தார்கள். நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. அவள் மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். நான் கம்பைச் சரிசெய்தால் வலி சரியாகிவிடும் என்று முழுதாக நம்பினேன். அடியில் இருந்த ரப்பர் பாதத்தைக் கழற்றி, அந்த மரையின் அளவை எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போனேன். அலுமினியத் தண்டு ஒன்றைக் கடைந்து, ஒருபக்கம் மரை போட்டு, மறுபக்கம் சேற்றில் புதையாமல் இருக்க அகலமான தட்டு ஒன்றைப் பொருத்தினேன். சரியாக ஒரு சாண். பளபளவென்று இருந்தது. கனமே இல்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போய், அவள் முன்னால் கம்பில் அதைத் திருகிக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள். பிறகு, "அன்னிக்கே அந்த ஸ்டூல்ல ரெண்டு நிமிஷம் நிக்க விட்டிருந்தா இது தேவைப்பட்டிருக்காது," என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்புதான். ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சு…"

"எனக்குச் சங்கடமா இல்லைங்க. தலையில முடி இல்லாதது, கையில உறை, யார் பாக்கிறாங்க, எதுவும் எனக்கு அன்னிக்கு ஞாபகத்துலயே இல்ல. எட்டு மாசத்துல அந்த ஒன்றரை மணி நேரந்தான் நான் சீக்காளின்னு மறந்து நின்னேன். நீங்க வெக்கப்பட்டீங்க பாருங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு வெக்கம் வந்துச்சு."

அவள் குரல் உயரவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க," என்று எழுந்தாள். எழுந்திருக்க அவளுக்கு என் தோள் தேவைப்பட்டது.

மறுநாள் காலை நானும் அவளோடு வரப்பில் நின்றேன். கம்பு சரியான உயரம். தட்டு சேற்றில் இறங்கவில்லை. அவள் முதுகை நேராக வைத்து, கழுத்தை நேராக வைத்து, கேமராவுக்குள் பார்த்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் அப்படிப் போனாள். மூன்றாம் நாள், நான் வேன் கதவைத் திறந்துவிட்டபோது, ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"ஏங்க, நான் மூணு நாளாக் குனியவே இல்ல," என்றாள். "வலி கூடத்தான் ஆயிருக்கு. இது குனியறதால வர்ற வலி இல்லைங்க."

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் மூன்று இடத்தில் பரவியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான்தான் கேட்டேன், இரண்டு வாரத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார். அப்பவும் இருந்திருக்கும். வலியையாவது முன்னாடியே குறைச்சிருக்கலாம்," என்றார். இல்லை, ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது என்று அவர் பொய்யாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

வெளியே வந்து வேனில் உட்கார்ந்ததும் நான் அழுதுவிட்டேன். கம்பு, குனிவது, டாக்டரிடம் நான் அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லி அழுதேன். அவள் என் முதுகில் கைவைத்தாள்.

"எனக்கும் தெரியாதுங்க. நானும் கம்புன்னுதான் நெனச்சேன். நெனக்கப் புடிச்சிருந்துச்சு," என்றாள்.

முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கட்டிலிலும் நாற்காலியிலுமாகப் போயிற்று. மகள் பெங்களூரிலிருந்து வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மேட்டூர்த் தண்ணீர் வந்து, ஆற்றில் முங்கிவிட்டு வருகிறவர்களின் சத்தம் தெருவில் கேட்டது. குறுவைக்குச் சேறடிக்க ஆரம்பித்தார்கள். ஆடியில் ஒருநாள் காலையில், "வயல்பக்கம் ஒரு தடவ கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

நானும் மகளும் அவளைத் தூக்கி வேனில் உட்கார வைத்தோம். முதுகைச் சுற்றித் தலையணை அடைத்தோம். அவளால் இனி நிற்க முடியாது என்பதால் மோனோபாட் பயன்படாது. அவளே ஒரு வழி சொன்னாள். தலையணை உறையில் நெல் உமியை நிரப்பிக் கட்டி, வேன் ஜன்னலில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று. அப்படியே செய்தோம். வாய்க்கால் கரை ரோட்டில் வேனை நிறுத்தினேன். கீழே டிராக்டர் சேறடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே கொக்குகள் நூறு இருக்கும், புரண்டு வந்த மண்ணில் பூச்சி பொறுக்கிக்கொண்டு நடந்தன. டிராக்டர் திரும்பும்போதெல்லாம் மொத்தமாக எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

அவள் கேமராவுக்குள் கண்ணை வைத்தாள். விரல் பொத்தான்மேல் இருந்தது, ஆனால் அழுத்த வரவில்லை. இரண்டு மூன்று முறை முயன்றாள். பிறகு, "நீங்க அழுத்துங்க. நான் சொல்றேன்," என்றாள்.

என் தடித்த விரலை அவள் விரல் இருந்த இடத்தில் வைத்தேன்.

"இருங்க… இருங்க… இப்ப."

அழுத்தினேன்.

"பறந்தப்புறம் அழுத்துறீங்க. நான் 'இப்ப'ல 'இ'ன்னு ஆரம்பிக்கும்போதே அழுத்தணும்."

மறுபடி. மறுபடி. இருபது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் பிந்தினேன். கடைசியில் மகள் பின்சீட்டிலிருந்து சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். சிரித்தது முதுகில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். எனக்கு ஒரு அவசரமும் இல்ல," என்றேன். அது உண்மை. அன்றைக்கு நான் பட்டறையைத் திறக்கவே இல்லை.

"போதும்ங்க. வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

அத்தனை வருஷத்தில், வயலில் நின்றுகொண்டு அவள் வாயால் போதும் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆவணியில் போய்விட்டாள். காலை பத்து மணி. மகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள், நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். வலி இல்லாமல் போனாள் என்று வந்தவர்களிடம் சொன்னோம். அது முழு உண்மை இல்லை.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவளுடைய பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தார். "டீச்சர் எடுத்த படங்கள்ல ஒரு பன்னிரண்டு கொடுங்க சார். பெரிசு பண்ணி அறிவியல் லேப் வெளிச்சுவர்ல மாட்டலாம்னு இருக்கோம். பிள்ளைங்க கேக்குறாங்க," என்றார். மகள் ஊரிலிருந்து வந்ததும் இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். ஆயிரக்கணக்கில் படங்கள். அவள் மாதவாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் 'நல்லது' என்று ஒரு ஃபோல்டர், 'வேண்டாம்' என்று ஒன்று.

'நல்லது' என்று வைத்ததிலிருந்து எடுத்தால் போதும் என்று மகள் சொன்னாள். அதிலேயே அறுநூறு எழுநூறு இருந்தன. எது பன்னிரண்டில் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே நாரையின் இருபது படம் இருக்கிறது. எனக்கு இருபதும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. அவளுக்கு ஒன்றுபோல இருந்திருக்காது. மகள் ஏதோ ஒன்றைக் காட்டி, "இது நல்லாருக்கில்லப்பா?" என்பாள். நான் ஆமாம் என்பேன். அப்படியே பதினொன்று ஆயிற்று.

களைத்துப்போய் மகள் தேநீர் போட எழுந்தபோது, நான் தெரியாமல் அந்தக் கார்த்திகை மாதத்து 'வேண்டாம்' என்பதைத் திறந்துவிட்டேன். மங்கல், பாதி வெட்டுப்பட்ட சிறகு, வெறும் வானம். அவற்றுக்கு நடுவே நான் இருந்தேன். கரையில் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். பறவை எடுக்கிற லென்ஸால் எடுத்தது, என் முகம் பக்கத்தில் தெரிகிறது. ஒன்றில் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்குகிறேன். ஒன்றில் அவளைப் பார்த்துக் கையை வீசி, சீக்கிரம் வா என்கிறேன். முகத்தில் அவ்வளவு கடுப்பு. மார்கழியிலும் இருந்தன, தையிலும் இருந்தன. மொத்தம் நாற்பதுக்கு மேல்.

மகள் தேநீரோடு வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"வேண்டாம்னு வெச்சிருக்காம்மா," என்றேன்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "ஃபோகஸ் சரியா இல்லப்பா. அதனால இருக்கும். அம்மாதான் துளி மங்கலா இருந்தாலும் ஒத்துக்க மாட்டாங்களே," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம்னா அழிச்சிருக்கலாமில்ல?" என்றாள்.

ஃபோகஸ் பற்றி மகள் சொன்னது சரியாக இருக்கலாம். சில படங்கள் மங்கல்தான். சிலது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

பன்னிரண்டாவதாக ஒரு மீன்கொத்தியைச் சேர்த்து அனுப்பினோம். சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள் என்று பொங்கலுக்கு முன்பே தலைமை ஆசிரியை போன் செய்தார். வந்து பாருங்கள் என்றார். லென்ஸும் கேமராவும் மகளோடு பெங்களூர் போய்விட்டன. கம்பைக் கொண்டுபோக இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனாள். நான் தினமும் பட்டறைக்குப் போகிறேன், மோட்டார் கட்டுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறேன். இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.